ஆறரை மணிக்கு ஒரு வகுப்பறை

2020 மார்ச் 24ஆம் தேதி மாலை ஊரடங்கு தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டபோது, என் கையிருப்பில் இரண்டு குவாட்டர் பாட்டில்கள் மட்டுமே இருந்தன. அவற்றை நான்கு நாளைக்குப் பங்கிட்டுக் குடிப்பது என்று கணக்குப் போட்டேன். திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுபவன் என்பதால் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அன்றிரவே இரண்டும் தீர்ந்துவிட்டன. மறுநாள் மாலை கை நடுங்கத் தொடங்கியது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி டீ லுங்கியில்தான் விழுந்தது. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் எனக்கு வலிப்பு வந்தது. என் மைத்துனர் வழியில் நின்ற காவலர்களிடம் மன்றாடி, ஓர் ஆட்டோவில் என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாள்தோறும் பல ஆண்டுகள் குடித்தவர் வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. மதுவின் அமுக்கத்துக்குப் பழகிப்போன மூளை, அந்த அமுக்கம் திடீரென்று விலகும்போது கட்டுக்கடங்காமல் துள்ளுகிறது. கடைசிக் குடிக்குப் பிறகு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இல்லாத உருவங்கள் தெரிவதும், பிதற்றலும், கடும் காய்ச்சலும் வந்து உயிரே போகலாம். படிப்படியாகக் குறைக்கப்படும் மாத்திரைகளும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் கொடுத்து இதைக் கடக்க வைப்பது மருத்துவர்களின் வேலை. குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் கூட்டங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவை அதற்கு மாற்று அல்ல. அந்த வேலை முடிந்த பிறகுதான் அவை தொடங்குகின்றன.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் ஏப்ரல் முழுவதும் நான் குடிக்கவில்லை. முகத்தில் வீக்கம் வடிந்தது, பசி எடுத்தது, மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினாள். மே 7ஆம் தேதி கடைகளைத் திறந்தார்கள். வயது வாரியாக நேரம் பிரித்திருந்தார்கள். நாற்பதிலிருந்து ஐம்பது வயது வரை உள்ளவர்களுக்குப் பிற்பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை. நான் பன்னிரண்டு மணிக்கே போய் வரிசையில் நின்றேன். கடைசியாகக் குடித்து 44 நாட்கள் ஆகியிருந்தன. உடம்பில் ஒரு சொட்டு மது இல்லை, நடுக்கம் இல்லை, தாகம்கூட இல்லை. தெளிந்த புத்தியோடு, முகக்கவசம் அணிந்து, ஆதார் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று வாங்கினேன். அந்த வரிசையில் என்னை நிறுத்தியது எது என்பது மருத்துவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், நான் அதற்கு முன்பும் பலமுறை நிறுத்தியவன்தான். ஐயப்பனுக்கு மாலை போட்ட நான்கு ஆண்டுகளிலும் ஒரு மண்டலம் சுத்தமாக இருந்தேன். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடையில் நின்றேன். ஒரு கோயிலுக்குப் போய்க் குடியை விடுவதற்கென்று கையில் கயிறு கட்டிக்கொண்டேன். அது ஆறு மாதம் தாங்கியது. மகள் தலையில் அடித்துச் செய்த சத்தியம் பதினொரு நாள். இவை எல்லாவற்றிலும் ஒரு தவணை இருந்தது. தவணை முடியும் தேதியை மனம் ஒரு மூலையில் குறித்துவைத்துக்கொண்டு காத்திருந்தது என்பது இப்போது விளங்குகிறது.

2021இல் மறுபடியும் உடம்பு கெட்டு, ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் சேர்ந்து மூன்று வாரம் இருந்தேன். அங்கேதான் 'குடிகாரன்' என்ற சொல்லுக்குப் பதிலாகக் 'குடிநோயாளி' என்ற சொல்லை முதன்முதலில் என்னைக் குறித்துக் கேட்டேன். தமிழ்நாட்டில் குடியை ஒரு நோயாகப் பார்த்து மருத்துவம் செய்யும் வழக்கத்தைப் பரவலாக்கியதில், சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளைக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்ததைப் பற்றி எங்கள் மையத்தில் அடிக்கடி சொல்வார்கள். வெளியே அனுப்பும் நாளில் ஆலோசகர், மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு முகவரியை எழுதிக் கொடுத்து, "முதல் வாரத்துலயே போயிடுங்க, தள்ளிப்போட்டா போக மாட்டீங்க" என்றார்.

அது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தின் முகவரி. நான் தள்ளிப்போடவில்லை, ஆனால் போய்ச் சேரவும் இல்லை. சீட்டில் இருந்த இடத்தில் கூட்டம் நடப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. அந்தக் கட்டடத்தின் காவலாளியிடம் நான் சுற்றி வளைத்து, "இங்க சாயங்காலம் ஏதோ மீட்டிங் நடக்குமாமே" என்று மெல்லிய குரலில் கேட்க, அவர் தெருவுக்கே கேட்கும் குரலில், "குடிகாரங்க கூட்டமா? அது மாறிப் போச்சே சார், ஒரு வருஷம் ஆச்சு" என்றார். பக்கத்துச் செருப்புக் கடையிலிருந்து இரண்டு தலைகள் திரும்பின. அந்த நேரம் மாலை ஆறேகால். எதிர்த் திசையில் நூறு அடி நடந்தால் கடை. எந்தப் பக்கம் திரும்பினால் வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சீட்டில் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தது. அழைத்தேன். எடுத்தவர் பெயர் கேட்கவில்லை. "எங்க நிக்கிறீங்க?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "அங்கேயே நில்லுங்க அண்ணே, எங்கயும் போகாதீங்க" என்று வைத்துவிட்டார். இருபது நிமிடத்தில் ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் வந்து நின்றது. வண்டியின் முன்பக்கத்தில் ஒரு பை நிறையக் காய்கறி. மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் திரும்பி வந்திருக்கிறார். பின்னால் ஏறிக்கொண்டு, "உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டேன்" என்றேன். "இன்னைக்கு எனக்கும் கொஞ்சம் மனசு சரியில்ல. நீங்க கூப்பிட்டது நல்லதாப் போச்சு" என்றார். அதை அப்போது வெறும் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

அது மரியாதைப் பேச்சு அல்ல என்பதைப் பிறகு அந்த அமைப்பின் வரலாற்றைப் படித்தபோது தெரிந்துகொண்டேன். 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரத்துக்கு வேலையாகப் போன பில் என்ற நியூயார்க் பங்குச் சந்தைக்காரர், அந்த வேலை கைகூடாமல், மதுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுவோமோ என்று பயந்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தொலைபேசியில் தேடினார். கிடைத்தவர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். பில் அவருக்கு அறிவுரை சொல்லப் போகவில்லை. தாம் குடிக்காமல் இருப்பதற்காகப் போனார். பாப் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் அவ்வாண்டு ஜூன் 10தான் அமைப்பின் தொடக்க நாள். இந்தியாவுக்கு அது 1957இல் வந்தது. ஒரு குடிநோயாளி இன்னொருவரிடம் பேசும்போது முதலில் பயன்பெறுபவர் பேசுபவர்தான் என்பதே இதன் இயந்திரம். மற்றவை எல்லாம் அதைச் சுற்றிப் போட்ட வேலி என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டம் நடந்தது ஒரு தொடக்கப் பள்ளியின் நான்காம் வகுப்பில். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் பன்னிரண்டு ஆண்கள் முழங்காலை மடக்க இடமில்லாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் வகுத்தல் கணக்கு ஒன்று பாதியில் நின்றிருந்தது; அதை அழிக்கக் கூடாது என்பது பள்ளிக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். நான் அங்கே கண்டிப்பாகப் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு போனது தெரிந்த முகத்தைத்தான். ஒரு தெரிந்த முகம் இருந்தது. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்; அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். நான் பெயரில்லாமல் எழுதுவதும் அதனால்தான். ஆகவே இந்தப் பதிவில் மற்றவர்களின் கதை எதுவும் இருக்காது. வாசகர்கள் எதிர்பார்க்கும் உருக்கமான பகுதி அதுதான் என்றாலும் வேறு வழியில்லை.

நடைமுறை மிக எளிமையானது. ஒரு நிமிட மௌனம், மாற்ற முடியாததை ஏற்கும் மனநிலையை வேண்டும் ஒரு சிறு பிரார்த்தனை, அமைப்பு என்ன என்று சொல்லும் ஒரு பத்தி, குடியிலிருந்து மீள அமைப்பு வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளின் வாசிப்பு, அதன் பிறகு ஒவ்வொருவராகப் பகிர்தல். பேச விருப்பமில்லாதவர் 'இன்று கேட்கிறேன்' என்று சொல்லிவிடலாம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடுவதில்லை, பேசி முடித்தவருக்கு யாரும் புத்தி சொல்வதும் இல்லை. எனக்கு இதுதான் மிகப் பெரிய வியப்பு. குடிப்பவனுக்கு நம் ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமே கிடையாது; மாமனார் முதல் மளிகைக் கடைக்காரர் வரை எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்வதை ஒருவரும் இடைமறிக்காமல் ஐந்து நிமிடம் கேட்டது அந்த வகுப்பறையில்தான். கடைசியில் ஒரு பை சுற்றி வரும். பத்தோ இருபதோ போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்ற கட்டுப்பாடு இருப்பதால், டீயும் பிஸ்கட்டும் அறைக்குக் கொடுக்கும் சிறு தொகையும் அந்தப் பையிலிருந்துதான். உறுப்பினர் ஆவதற்குப் படிவம் இல்லை, கட்டணம் இல்லை. குடிப்பதை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்று போதும்.

கடவுள் என்ற சொல்லில் எனக்குத் தடை இருந்தது. மாலை போட்டவன்தானே என்று கேட்கலாம். மாலை போட்டு ஏமாந்தவன் என்பதால்தான் தடை. பன்னிரண்டு படிகளில் அந்தச் சொல் பலமுறை வருகிறது. எங்கள் குழுவில் கறுப்புச் சட்டைக்காரர்களும் உண்டு, தேவாலயத்துக்குப் போகிறவர்களும் உண்டு, தொழுகை முடித்து வருகிறவர்களும் உண்டு. 'நாம் புரிந்துகொண்ட வகையில் கடவுள்' என்று அந்தப் படியிலேயே ஒரு வாசல் திறந்து வைத்திருப்பதால், தங்களைவிடப் பெரிய சக்தியாக அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையே எடுத்துக்கொண்டவர்கள் பலர். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட காலம் குடிக்காமல் இருக்கும் சிலர், ஐந்து நிமிடம் என்று தொடங்கி இருபத்தைந்து நிமிடம் பேசுவார்கள். புதிதாக வந்தவர் வாசலைப் பார்க்கத் தொடங்குவார். ஒருமுறை ஒரு மூத்தவர், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞரிடம், "அதுவும் ஒரு போதைதான், விட்டுடு" என்று டீ குடிக்கும் நேரத்தில் சொன்னார். இது தவறு; ஆபத்தான தவறு. மருந்தைப் பற்றிப் பேசும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே என்பது அமைப்பின் நிலைப்பாடும்கூட. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள், ஆனால் அதற்காகக் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, எங்கள் பெஞ்சுகளில் பெண்கள் இல்லாதது. குடிக்கும் ஆணுக்கு நம் ஊரில் கெட்ட பெயர் மட்டும்தான். குடிக்கும் பெண்ணுக்கு வீட்டைவிட்டு வெளியே வருவதற்கே வழியில்லை. 2020க்குப் பிறகு ஜூம் வழியாக நடக்கும் கூட்டங்கள் அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்திருக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு பேசலாம்.

என் மனைவி முதலில் இந்தக் கூட்டங்களை நம்பவில்லை. குடிக்கப் போகும் நேரத்தில் இன்னொரு பெயர் சொல்லிக்கொண்டு வெளியே போகிறேன் என்றுதான் நினைத்தார். குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டம் ஒன்றுக்கு அவரை அழைத்துப்போனேன். பின்வரிசையில் இறுக்கமான முகத்தோடு உட்கார்ந்திருந்தவர், திரும்பும் வழியில், "அங்க பேசுனதுல பாதி நம்ம வீட்டுக் கதை" என்று மட்டும் சொன்னார். பில்லின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951இல் அமைத்த அல்-அனான், குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கென்றே இருக்கும் தனி அமைப்பு. என் மனைவி இப்போது தொலைபேசி வழியாக அதில் கலந்துகொள்கிறார். அங்கே என்ன பேசுகிறார் என்று நான் கேட்பதில்லை.

ஏழாவது மாதத்தில் வழுக்கினேன். பெரியப்பா இறந்துபோனார். துக்க வீட்டில் பறையடிப்பவர்களுக்கும் பாடை கட்டுபவர்களுக்கும் வாங்கி வைத்திருந்த பாட்டில்களைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை, கணக்கு எழுதுபவன் என்பதால், என்னிடம் கொடுத்தார்கள். மதியம் வரை மூடியைத் திறந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அன்று காலையே குழுவில் யாரையாவது அழைக்கத் தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும், நான் எடுக்கவில்லை. வேட்டி மடிப்பில்தான் இருந்தது. மூன்று மணிக்கு ஒரு கட்டிங். அதன் பிறகு ஒன்பது நாட்கள்.

திரும்பிப் போனது முதல்முறை போனதைவிடக் கடினமாக இருந்தது. பள்ளிக்கு எதிரிலிருந்த டீக்கடையில் இரண்டு மாலை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் உள்ளே நுழைந்தபோது எக்ஸெல்காரர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, யாரும் பரிதாபப்படவில்லை. என் முறை வந்தபோது, "இன்றைக்கு இரண்டாவது நாள்" என்றேன். ஏழு மாதத்தை அழித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவது எனக்கு இன்றைக்கும் உறுத்தும் விஷயம். கணக்கு எழுதுபவனுக்கு அது அநியாயமான பற்று வரவு. ஆனால் எண்ணுவது நாட்களைச் சேர்த்துவைப்பதற்காக அல்ல, இன்றைய ஒரு நாளை எண்ணுவதற்காக என்று என் ஸ்பான்சர், அதாவது குழுவில் எனக்கு வழித்துணையாக இருக்கும் மூத்த உறுப்பினர், சொல்வார். அவர் சொல்வதைப் பாதி ஏற்கிறேன்.

தேடுகிறவர்களுக்குச் சில விவரங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் இந்திய இணையதளத்தில் ஊர் வாரியாகக் கூட்டங்களின் இடமும் நேரமும் இருக்கின்றன. போவதற்கு முன் அதிலுள்ள எண்ணை அழைத்துக் கேட்டுவிடுங்கள். பள்ளி விடுமுறைக்கும் தேர்தலுக்கும் இடம் மாறும். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. குடிநோய்ச் சிகிச்சை மையங்களில் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் போகும் குழு பிடிக்காவிட்டால் வேறு குழுவுக்குப் போங்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி. சொந்த ஊரில் முகம் தெரிந்துவிடும் என்று கூச்சமாக இருந்தால் பக்கத்து ஊருக்குப் போங்கள். கரூரிலிருந்து எங்கள் கூட்டத்துக்குப் பேருந்தில் வந்து போனவர்கள் உண்டு.

என் அளவில் நான் கண்டுகொண்டது நேரத்தைப் பற்றியது. அலுவலகம் ஐந்தரைக்கு முடியும். ஆறிலிருந்து எட்டு வரை என் கால்களுக்கு ஒரே ஒரு வழிதான் இருபது ஆண்டுகளாகத் தெரியும். மாலையும் கயிறும் சத்தியமும் குடிக்காதே என்றன. அந்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று அவை எதுவும் சொல்லவில்லை. இப்போது ஆறே காலுக்குப் பள்ளிக்குப் போய், அங்குள்ள காவலாளியிடம் சாவி வாங்கி, பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, ஃபிளாஸ்க்கில் டீ வாங்கி வைப்பது என் வேலை. வாரத்தில் மூன்று நாள் இங்கே, இரண்டு நாள் தில்லைநகர்ப் பக்கம் இன்னொரு குழுவில். இது நான்காவது ஆண்டு.

பழைய முகவரி இன்னும் சில சீட்டுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டோம். இடையில் ஒருநாள் நானும் எக்ஸெல்காரரும் அந்தக் கட்டடத்துக்குப் போய், அதே காவலாளியிடம் எங்கள் எண்ணை ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் அதைத் தம் நாற்காலிக்கு மேலே, வருகைப் பதிவேடு தொங்கும் ஆணியில் மாட்டியிருக்கிறார். இதுவரை மூன்று பேரை அனுப்பியிருக்கிறார். மூன்றாவதாக வந்தவரிடம், "அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "குடிகாரங்க கூட்டம் மாறிப் போச்சு, ஆனா நல்ல மனுசங்க, ஃபோன் பண்ணுங்கன்னு கத்திச் சொன்னார் சார்" என்றார்.